எரிபொருள் தொட்டி அழுத்த உணரி

எரிபொருள் தொட்டி அழுத்த உணரி என்பது பெட்ரோல் மகிழுந்துகளின் எரிபொருள் தொட்டியினுள் இருக்கும் ஆவியின் அழுத்தத்தை வெளிக்காற்றின் அழுத்தத்துடன் ஒப்பிட்டு அளக்கும் ஒரு மின்னணு உறுப்பு ஆகும். தொட்டியிலிருந்து பெட்ரோல் ஆவி காற்றில் கசிகின்றதா என்பதை வாகனம் தானே கண்டறிவதற்கு இவ்வுணரி பயன்படுகின்றது. இது எஞ்சினின் இயக்கத்தில் நேரடியாகப் பங்கு பெறுவதில்லை. ஆகையால் இது பழுதடைந்தாலும் வண்டி பெரும்பாலும் வழமைபோல ஓடும். செக் எஞ்சின் விளக்கு மட்டும் எரியும்.

இவ்வுணரியின் பெயரைத் தாங்கிய பழுதுக் குறியீடு தோன்றும்போது உணரியை உடனே மாற்றிவிடுவது பணிமனைகளில் பரவலாக நிகழும் தவறாகும். குறியீடு மின்சுற்றில் காணப்படும் ஒரு நிலையை மட்டுமே குறிக்கின்றது. அதற்குக் காரணம் உணரியாகவும் இருக்கலாம், கம்பியாகவும் இருக்கலாம், அடைபட்ட வடிகட்டியாகவும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறியும் முறையும், பழுது நீக்கும் முறையும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

பின்னணி

பெட்ரோல் அறை வெப்பநிலையிலேயே எளிதில் ஆவியாகும் நீர்மம் ஆகும். வெயிலில் நிறுத்தப்பட்ட வண்டியின் தொட்டியில் ஆவி பெருகி அழுத்தம் உயர்கின்றது. இரவில் குளிரும்போது அழுத்தம் குறைகின்றது. இந்த ஆவியில் உள்ள ஐதரோகார்பன்கள் சூரிய ஒளியில் நைதரசன் ஆக்சைடுகளுடன் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனையும் புகைமூட்டத்தையும் உருவாக்குகின்றன. இதனால் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1970ஆம் ஆண்டிலும், அந்நாடு முழுவதும் 1971ஆம் ஆண்டிலும் மகிழுந்துகளில் ஆவிக் கட்டுப்பாடு கட்டாயமாக்கப்பட்டது.

1996ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கப்படும் மகிழுந்துகளில் ஓபிடி-2 எனப்படும் தன்னாய்வு முறைமை கட்டாயமானது. ஆவி அமைப்பில் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைக்கு நிகரான கசிவு இருந்தாலும் வாகனம் அதைக் கண்டறிந்து ஓட்டுநருக்கு அறிவிக்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. 2000ஆம் ஆண்டு மாதிரிகள் தொடங்கி இவ்வளவு படிப்படியாக 0.5 மில்லிமீட்டராகக் குறைக்கப்பட்டது. இத்தனை சிறிய துளையைக் கண்ணால் காண்பது அரிது. தொட்டியை மூடி, அதன் அழுத்தம் எவ்வளவு விரைவாக மாறுகின்றது என்று பார்ப்பதே இயலக்கூடிய வழியாக இருந்தது. இத்தேவையாலேயே தொட்டி அழுத்த உணரி பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது.

இந்தியாவில் இவ்வுணரி

இந்தியாவில் மகிழுந்துகளுக்கான தன்னாய்வு முறைமையின் முதற்கட்டம் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. பிஎஸ்-6 எனச் சுருக்கி வழங்கப்படும் பாரத் நிலை 6 விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பாரத் நிலை விதிகள் ஐரோப்பிய விதிகளைத் தழுவியவை. இவற்றின்படி புதிய வாகன மாதிரி ஒன்று, காற்றுப் புகாத அறையில் நிறுத்திச் சோதிக்கப்படும்போது ஒரு சோதனைக்கு 2 கிராமுக்கு மேல் ஐதரோகார்பனை ஆவியாக வெளியேற்றக் கூடாது. ஆனால் ஓடும் வாகனம் தன் தொட்டியின் கசிவைத் தானே அளக்க வேண்டும் என்ற கட்டாயம், அமெரிக்காவில் உள்ளதுபோல் இவ்விதிகளில் இல்லை. பர்ஜ் வால்வின் மின்சுற்று கண்காணிக்கப்பட்டால் போதுமானது.

இதன் விளைவாக, இந்தியச் சாலைகளில் ஓடும் பெட்ரோல் மகிழுந்துகள் பலவற்றில் ஆவியைச் சேமிக்கும் கரிக்கலன் இருக்கும். தொட்டி அழுத்த உணரி இருக்காது. அமெரிக்கப் பழுதுநூல்களைப் படித்துவிட்டு இவ்வுணரியைத் தேடுவோர் அதைக் காணாமல் குழம்புவதற்கு இதுவே காரணம் ஆகும்.

திருப்பெரும்புதூர் - ஒரகடம் தொழிற்பகுதி

இவ்வேறுபாட்டைச் சென்னையை அடுத்த வாகனத் தொழிற்பகுதி தெளிவாகக் காட்டுகின்றது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998ஆம் ஆண்டு சான்ட்ரோ மகிழுந்துடன் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ - நிசான் கூட்டணியின் ஆலை 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இவ்வாலைகளிலிருந்து உள்நாட்டுச் சந்தைக்கும் பல வெளிநாடுகளுக்கும் மகிழுந்துகள் சென்றுள்ளன. வாகனங்களுக்கு ஒப்புதல் சோதனை நடத்தும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையமும் ஒரகடத்தில் அமைந்துள்ளது. ஒரகடத்தில் 2012 முதல் உருவாக்கப்படும் பாரத்பென்ஸ் சரக்குந்துகள் டீசலில் ஓடுபவை. டீசல் எளிதில் ஆவியாவதில்லை என்பதால் அவற்றுக்கு இந்த ஆவி அமைப்பே தேவைப்படுவதில்லை.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வழியாக எட்டக்கூடிய மறைமலைநகரில் (தற்போது செங்கல்பட்டு மாவட்டம்) ஃபோர்டு நிறுவனம் ஈக்கோஸ்போர்ட் மகிழுந்தை உருவாக்கி வந்தது. இம்மாதிரி இங்கிருந்து ஐக்கிய அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியானது. அமெரிக்காவுக்குச் சென்ற வண்டிகள் 1.0 லிட்டர் அல்லது 2.0 லிட்டர் பெட்ரோல் எஞ்சினையும், அந்நாட்டு விதிகளுக்கு ஏற்ற கசிவுக் கண்காணிப்பையும் கொண்டிருக்க வேண்டியிருந்தது. உள்நாட்டில் விற்ற வண்டிகளுக்கு அக்கட்டாயம் இல்லை. ஒரே ஆலையில், ஒரே பெயரில் உருவான இரு வண்டிகள் விற்கப்படும் நாட்டைப் பொறுத்து வேறுபட்டன. ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் இந்தியாவில் மகிழுந்து உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் ஈக்கோஸ்போர்ட் உற்பத்தி 2022 சூலையில் முடிவுக்கு வந்தது.

எனவே பழுது பார்ப்பவர் முதலில் அறிய வேண்டியது வண்டியின் பெயரையன்று. அது எந்த நாட்டு விதிக்காக உருவாக்கப்பட்டது என்பதையே ஆகும்.

அமைப்பு

உணரியின் உள்ளே மெல்லிய சிலிக்கான் சவ்வு ஒன்று உள்ளது. சவ்வின் ஒரு பக்கம் தொட்டியின் ஆவியையும், மறுபக்கம் ஒரு சிறு துளை வழியாக வெளிக்காற்றையும் தொட்டு நிற்கும். இரு பக்க அழுத்தமும் வேறுபடும்போது சவ்வு வளைகின்றது. சவ்வின் மேல் பதிக்கப்பட்ட நான்கு மின்தடைகள் வீட்ஸ்டன் பாலமாக இணைக்கப்பட்டுள்ளன. சவ்வு வளையும்போது இத்தடைகளின் மதிப்பு மாறுகின்றது. அம்மாற்றம் பெருக்கப்பட்டு மின்னழுத்தமாக வெளிவருகின்றது.

உணரிக்கு வழமையாக மூன்று கம்பிகள் உண்டு. ஒன்று கட்டுப்பாட்டுக் கணினியிலிருந்து வரும் 5 வோல்ட், மற்றொன்று எர்த், மூன்றாவது சைகைக் கம்பி.

அளக்கப்படும் அழுத்தம் மிகச் சிறியது. வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாசுக்கல் ஆகும். தொட்டி உணரி அளப்பதோ அதற்கு மேலும் கீழும் சில கிலோபாசுக்கல் மட்டுமே. எடுத்துக்காட்டாக, −2.5 முதல் +2.5 கிலோபாசுக்கல் வரையான அழுத்தத்துக்கு 0.5 முதல் 4.5 வோல்ட் தரும் உணரி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அது ஒரு கிலோபாசுக்கலுக்கு 0.8 வோல்ட் மாறும். அழுத்த வேறுபாடு இல்லாதபோது 2.5 வோல்ட்டும், −1 கிலோபாசுக்கலில் 1.7 வோல்ட்டும் காட்டும். எல்லா உணரிகளும் இவ்வாறு அமைவதில்லை. சிலவற்றில் அழுத்த வேறுபாடு இல்லாதபோது 1.5 வோல்ட் அளவே இருக்கும். சிலவற்றில் வெற்றிடம் கூடக்கூட மின்னழுத்தம் உயரும். ஆகையால் குறிப்பிட்ட வண்டியின் பழுதுநூலில் உள்ள மதிப்பே இறுதியானது.

உணரி பெரும்பாலும் தொட்டியின் மேற்புறத்தில் பெட்ரோல் பம்ப் தொகுதியின் மீதோ, ஆவிக்குழாயிலோ, கரிக்கலனின் மீதோ பொருத்தப்பட்டிருக்கும்.

செயல்படும் முறை

தொட்டியில் எழும் ஆவி குழாய் வழியாகக் கரிக்கலனை அடைகின்றது. பணிமனைகளில் இது கேனிஸ்டர் எனப்படும். இதில் உள்ள கிளர்வுற்ற கரி ஆவியைத் தன் பரப்பில் கவர்ந்து வைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து, சேமிக்கப்பட்ட ஆவியை எஞ்சினுக்குள் இழுத்து எரித்துவிடும். அப்போது கரிக்கலனுக்குள் புதிய காற்று நுழையும் வழியில் வென்ட் வால்வு அமைந்துள்ளது.

கசிவுச் சோதனையின்போது கணினி வென்ட் வால்வை மூடிப் பர்ஜ் வால்வைத் திறக்கின்றது. எஞ்சினின் உறிஞ்சல் தொட்டியில் சிறிது வெற்றிடத்தை உண்டாக்குகின்றது. பின்னர் பர்ஜ் வால்வும் மூடப்படுகின்றது. வெற்றிடம் நிலைத்து நின்றால் கசிவு இல்லை. விரைவாகக் குறைந்தால் கசிவு உண்டு. வேறு சில வண்டிகளில் எஞ்சின் நிறுத்தப்பட்ட பின் தொட்டி குளிர்வதால் உண்டாகும் இயற்கையான வெற்றிடம் பயன்படுத்தப்படுகின்றது. இன்னும் சிலவற்றில் இதற்கெனவே ஒரு சிறிய மின்பம்ப் உள்ளது.

இச்சோதனை எப்போதும் நடப்பதில்லை. பல வடிவமைப்புகளில் தொட்டி ஏறத்தாழ 15 முதல் 85 விழுக்காடு வரை நிரம்பியிருக்க வேண்டும். எஞ்சின் பல மணி நேரம் நின்று குளிர்ந்திருக்க வேண்டும். வெளி வெப்பநிலையும் ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும். சென்னைப் பகுதியின் கோடை நாட்களில் இந்த எல்லை எளிதில் கடக்கப்படுவதால், பழுது நீக்கிய பின்னும் சோதனை நிறைவுறப் பல நாட்கள் ஆகலாம்.

பழுதுக் குறியீடுகள்

உணரியின் மின்சுற்றைக் குறிப்பவை:

- பி0450: அழுத்த உணரியின் மின்சுற்றில் பழுது
- பி0451: அளவீடு எதிர்பார்த்த எல்லைக்குப் பொருந்தவில்லை
- பி0452: சைகை மின்னழுத்தம் மிகக் குறைவு
- பி0453: சைகை மின்னழுத்தம் மிக அதிகம்
- பி0454: சைகை விட்டுவிட்டு வருகின்றது

அமைப்பின் கசிவையும் வால்வுகளையும் குறிப்பவை:

- பி0441: ஆவி இழுப்பு முறையாக இல்லை
- பி0442: சிறிய கசிவு
- பி0446: வென்ட் கட்டுப்பாட்டில் பழுது
- பி0455: பெரிய கசிவு
- பி0456: மிகச் சிறிய கசிவு
- பி0457: கசிவு, பெட்ரோல் மூடி தளர்ந்திருக்கலாம்

இரண்டாம் தொகுதிக் குறியீடு மட்டும் தோன்றினால், உணரி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்க வாய்ப்பு மிகுதி. கசிவைச் சொன்ன உணரியையே மாற்றுவதால் கசிவு நிற்காது.

பழுதுக்கான காரணங்கள்

கனெக்டரில் நீர் புகுந்து முள்கள் துருப்பிடித்தல் பரவலான காரணம் ஆகும். உணரியும் அதன் கம்பிகளும் வண்டியின் அடிப்பகுதியை ஒட்டி இருப்பதால், வடகிழக்குப் பருவமழையில் தேங்கும் நீர் இவற்றை எளிதில் எட்டுகின்றது. 2015 திசம்பர் வெள்ளத்தின்போது இத்தொழிற்பகுதியின் வாகன ஆலைகளே சில நாட்கள் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. எலிகள் கம்பிகளைக் கடிப்பதும் அடிக்கடி காணப்படுகின்றது.

சரக்குந்துகள் மிகுந்த, கட்டுமானம் நடைபெறும் சாலைகளில் எழும் புழுதி, வென்ட் வடிகட்டியை அடைக்கின்றது. அப்போது தொட்டியில் உண்மையாகவே மிகையான வெற்றிடம் உண்டாகும். உணரி காட்டும் அளவு விந்தையாகத் தோன்றினாலும் அது சரியானதே.

பெட்ரோல் நிலையத்தில் குழாய் தானாக நின்ற பிறகும், தொகையை முழு எண்ணாக்குவதற்காக மேலும் ஊற்றுவது மற்றொரு காரணம் ஆகும். இவ்வாறு மிகுந்த பெட்ரோல் நீர்ம நிலையிலேயே கரிக்கலனை அடைகின்றது. நனைந்த கரி ஆவியைக் கவரும் திறனை இழக்கின்றது. பொடிந்து பர்ஜ் வால்வுக்குள் சென்று அதை முழுதாக மூடவிடாமலும் செய்கின்றது.

உணரியைத் தொட்டியுடன் இணைக்கும் ரப்பர் வளையம் காலப்போக்கில் இறுகி வெடிப்பதும் உண்டு. இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகியுள்ளதால், எத்தனாலைத் தாங்கும் வகை ரப்பர் வளையங்களையே பயன்படுத்த வேண்டும்.

பழுதறியும் முறை

1. வண்டியில் இவ்வுணரி உள்ளதா, எங்குள்ளது, அதன் கம்பிகளின் நிறம் என்ன என்பவற்றைப் பழுதுநூலில் உறுதி செய்ய வேண்டும்.

2. ஸ்கேனரைக் கொண்டு எல்லாக் குறியீடுகளையும், அவை தோன்றிய நேரத்தில் பதிவான தரவுகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். குறியீடுகளை அழிப்பது இதற்குப் பின்னரே. வேறு உணரிகளின் குறியீடுகளும் உடன் இருந்தால், அவற்றுக்குப் பொதுவான 5 வோல்ட் கம்பியில் குறுக்குச்சுற்று இருக்கலாம்.

3. பெட்ரோல் மூடியைத் திறந்து வைத்து, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரில் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். மூடி திறந்திருப்பதால் தொட்டியின் உள்ளும் புறமும் அழுத்தம் ஒன்றே. அளவு சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். செலவில்லாத இச்சோதனையே மிகுந்த பயன் தருவது.

4. அளவு சுழியத்தில் இல்லையெனில் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரால் சோதிக்க வேண்டும். கனெக்டரில் 5 வோல்ட் வருகின்றதா என்றும், எர்த் கம்பி சரியாக உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லையெனில் குறை உணரியில் இல்லை.

5. கனெக்டர் கழன்ற நிலையில் ஸ்கேனர் அளவு ஒரு கோடிக்குச் செல்லும். அது 0 வோல்ட்டாக இருப்பின் சைகைக் கம்பியை உருகியுள்ள இணைப்புக்கம்பியால் 5 வோல்ட் முள்ளுடனும், 5 வோல்ட்டாக இருப்பின் எர்த் முள்ளுடனும் சற்றே இணைக்க வேண்டும். அளவு மறுகோடிக்கு மாறினால் கம்பியும் கணினியும் நல்ல நிலையில் உள்ளன, உணரியே ஐயத்துக்குரியது. மாறாவிட்டால் கம்பி அறுந்துள்ளது அல்லது கணினியில் குறை உள்ளது. பழுதுநூல் இச்சோதனைக்கு வேறு முறை கூறினால் அதையே பின்பற்ற வேண்டும்.

6. உணரியைக் கழற்றிய பின் கைப்பம்பால் சிறிய வெற்றிடம் கொடுத்து அளவு சீராக மாறுகின்றதா என்று பார்க்கலாம். நீர் நிரப்பிய யூ வடிவக் குழாய் ஒன்று இதற்குப் போதுமான அளவுகோல் ஆகும். இரு பக்க நீர்மட்டமும் 10.2 சென்டிமீட்டர் வேறுபட்டால் அழுத்த வேறுபாடு 1 கிலோபாசுக்கல். மேலே எடுத்துக்காட்டப்பட்ட உணரி அப்போது 1.7 வோல்ட் காட்ட வேண்டும்.

7. விட்டுவிட்டு வரும் பழுதாயின், ஸ்கேனரைப் பார்த்தவாறே கம்பிக்கட்டை மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். அளவு துள்ளும் இடத்தில் முறிவு இருக்கும்.

மூடியைத் திறக்கும்போது சிறு ஒலியுடன் காற்று வெளியேறுவது மட்டும் பழுதுக்கு அடையாளம் அன்று. பெட்ரோல் நிரப்பும்போது குழாய் அடிக்கடி தானே நின்றால் வென்ட் வழி அடைபட்டிருக்கலாம். நிரப்பிய உடனே எஞ்சின் கிளம்பத் தயங்கினால் பர்ஜ் வால்வு மூடாமல் இருக்கலாம்.

பழுது நீக்கல்

உணரி முத்திரையிட்டு மூடப்பட்ட உறுப்பு; அதன் உட்பகுதியைச் செப்பனிட இயலாது. ஆனால் துருப்பிடித்த கனெக்டர், அறுந்த கம்பி, அடைபட்ட வெளிக்காற்றுத் துளை, வெடித்த ரப்பர் வளையம் ஆகியவற்றைச் சரிசெய்யலாம். பல வேளைகளில் இவையே போதுமானவை.

உணரியை மாற்றவே வேண்டுமாயின், தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செய்வது நல்லது. பேட்டரியின் எதிர்முனை கழற்றப்பட வேண்டும். சில வண்டிகளில் பின் இருக்கைக்கு அடியிலுள்ள மூடி வழியாக உணரியை எட்டலாம்; மற்றவற்றில் தொட்டியையே இறக்க வேண்டும். கழற்றுமுன் சுற்றியுள்ள புழுதியை நீக்காவிட்டால் அது தொட்டிக்குள் விழும். புதிய ரப்பர் வளையம் பொருத்த வேண்டும். பழையதைச் சிலிக்கான் பசை தடவிப் பயன்படுத்துவது கூடாது. தோற்றத்தில் ஒத்த உணரிகளின் மின்னழுத்த அளவுகள் வேறுபடுவதால், உதிரிப்பாக எண் ஒத்திருக்க வேண்டும்.

பின்னர் குறியீடுகளை அழித்து, மூடியைத் திறந்து மீண்டும் சுழிய அளவைச் சோதிக்க வேண்டும். விளக்கு அணைந்ததை மட்டும் கொண்டு பழுது நீங்கியதாகக் கொள்ளலாகாது. குறியீட்டை அழித்தாலே விளக்கு அணையும். ஸ்கேனரில் ஆவி அமைப்பின் தன்னாய்வு நிறைவுற்றதாகக் காட்டிய பின்னரே பழுது நீங்கியது உறுதியாகும்.

பாதுகாப்பு

காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது ஒரு பொறியால் தீப்பற்றும். இந்த ஆவி காற்றை விடக் கனமானது. ஆகையால் பணிமனையின் ஆய்வுக்குழியில் தேங்கி நிற்கும். குழியின் மேல் நின்றுகொண்டு தொட்டியைத் திறப்பதும், வெறும் மின்விளக்கைக் கொண்டு குழிக்குள் இறங்குவதும் உயிருக்கு ஆபத்தானவை. குழாய்களை வாயால் உறிஞ்சுவதோ ஊதுவதோ கூடாது.

கசிவைக் கண்டறியத் தொட்டிக்குள் கம்ப்ரசர் காற்றைச் செலுத்துவது மிகவும் ஆபத்தானது. 50 சென்டிமீட்டர் நீளமும் அகலமும் உள்ள தொட்டிப் பரப்பின் மீது 2.5 கிலோபாசுக்கல் அழுத்தம் ஏறத்தாழ 64 கிலோ எடைக்கு நிகரான விசையைத் தருகின்றது. அதே பரப்பில் 700 கிலோபாசுக்கல் கம்ப்ரசர் அழுத்தம் முழுமையாகச் சேர்ந்தால் அது சுமார் 17,800 கிலோவாகும். தொட்டி அதற்கு வெகு முன்பே பிளந்துவிடும். கசிவுச் சோதனைக்கெனக் குறைந்த அழுத்தத்தில் புகை செலுத்தும் கருவிகள் உள்ளன. அவற்றிலும் காற்றுக்கு மாற்றாக நைதரசன் போன்ற மந்த வளிமத்தைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

மின்னேற்றம் செய்யக்கூடிய கலப்பின மகிழுந்துகள் சிலவற்றில் தொட்டி முழுதாக மூடப்பட்டு, உள்ளே அழுத்தம் மிகுந்திருக்கும். அவற்றில் அழுத்தத்தை முறைப்படி வெளியேற்றிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும்.

சான்றிதழும் ஆவிக் கசிவும்

இந்தியாவில் வாகனங்கள் பெற வேண்டிய மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்கான சோதனை, புகைக்குழாயிலிருந்து வெளிவரும் வாயுவை மட்டுமே அளக்கின்றது. தொட்டியிலிருந்தும் கரிக்கலனிலிருந்தும் கசியும் ஆவி அதில் அளக்கப்படுவதில்லை. எனவே சான்றிதழ் பெற்ற வண்டியிலும் ஆவிக் கசிவு இருக்கக்கூடும். அழுத்த உணரி இல்லாத வண்டிகளில் பெட்ரோல் வாடையே உரிமையாளருக்குக் கிடைக்கும் முதல் அறிகுறி ஆகும். வாடை தொடர்ந்து வீசினால், விளக்கு எரியவில்லை என்பதால் அதைப் புறக்கணிக்கலாகாது.

இவற்றையும் பார்க்கவும்

- கிளர்வுற்ற கரி
- வீட்ஸ்டன் பாலம்
- பாரத் நிலை உமிழ்வு விதிகள்
- தரைமட்ட ஓசோன்
- ஒரகடம்